செஸ்டர்டன் சாலையில் ஏழு வாரம்

டுரியான் துங்காலில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை ஒரு ஜப்பானிய மாணவி வந்து தங்கினாள். பத்து நாள். வயது பத்தொன்பது. அப்போதெல்லாம் இந்த ஊருக்கு வெளிநாட்டு மாணவர்கள் வருவது புதிது. வெளியூர்க்காரர்களுக்கு டுரியான் துங்கால் என்றால் அணைக்கட்டுதான் ஞாபகம் வரும். அதுவும் 1991இல் அது வற்றி மலாக்கா முழுக்கத் தண்ணீருக்கு அலைந்த கதை. சுற்றிலும் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட தோட்டங்கள், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்கள். அப்படியொரு தாமான் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, புது மெத்தை விரிப்பு வாங்கிப் போட்டு, அம்மா அவளுக்காகக் காத்திருந்தார்.

மலாயில் இதற்கு 'கெலுவார்கா அங்காட்' என்று பெயர். அங்காட் என்றால் தூக்குவது. தத்துப்பிள்ளையை 'அனாக் அங்காட்' என்பார்கள், தூக்கியெடுத்த பிள்ளை. திட்டத்தை நடத்தியவர்கள் எங்களுக்குக் கொடுத்த தமிழ்க் காகிதத்தில் 'விருந்தோம்பும் குடும்பம்' என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அம்மா கேட்டார்: "விருந்துன்னா மூணு நாளுதானேடா? மிச்சம் ஏழு நாளு அவ நமக்கு என்ன வேணும்?"

அந்தக் காகிதத்தில் நிறைய இருந்தது. பன்றி, மாடு பற்றிய விவரம், காலணியை எங்கே கழற்றுவது, கோயிலுக்கு அழைத்துப் போனால் என்ன சொல்வது. ஆனால் எங்கள் வீட்டுக் காத்தாடியின் சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்க வழியில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பல வருஷமாகக் கையை அலமாரிக்குப் பின்னால் விட்டுத் தட்டிப் பழகிய வீடு அது. நாலாம் நாள் காலையில் துவைக்கத் துணி எடுக்கப் போன அம்மா, தலையணை நனைந்திருப்பதைப் பார்த்தார். சன்னலும் சாத்தியே இருந்தது. அவள் மூன்று இரவும் அந்த வேக்காட்டில் படுத்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, உடைந்த மலாயில் சொன்னாள்: இந்த வீட்டில் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன், கேட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

அம்மா அன்றைக்குச் சமையல்கட்டில் போய் அழுதார். "ஒரு புள்ள நம்ம வீட்டுல மூணு நாளு வெந்திருக்கா. நான் இட்லி நல்லா இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

இது நடந்து சில வருஷம் கழித்துத்தான் சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தேன். அதில் ஓர் இடத்தில் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதாயிற்று. அந்த இடம் கணிதம் சம்பந்தப்பட்டதல்ல, ஒரு கம்பளி பற்றியது.

கேம்பிரிட்ஜில் ராமானுஜனோடு பழகியவர்களில் ஒருவர் பி.சி. மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை உருவாக்கியவர், அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர். குளிர்காலத்தில் ராமானுஜனின் அறைக்குப் போனவர் இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்திருக்கிறார். தாங்கவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்றாராம் ராமானுஜன். கம்பளி இல்லையோ என்று படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆங்கிலேய வழக்கப்படி மெத்தைக்கு அடியில் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டு நேர்த்தியாக மூடிவைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்திருந்திருக்கிறார். மகலனோபிஸ்தான் பிரித்துக் காட்டினார்.

வேடிக்கைக் கதையாகத்தான் இதைச் சொல்வார்கள். மேதைக்குக் கம்பளி போர்த்தத் தெரியவில்லையாம். எனக்கு எங்கள் வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது.

ராமானுஜன் கதை நம் எல்லாருக்கும் ஒரே வடிவத்தில்தான் தெரியும். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா, 1913 ஜனவரியில் ஜி.எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம், அழைப்பு, கேம்பிரிட்ஜ், காய்ச்சல், 1729 என்ற டாக்சி எண், 32 வயதில் மரணம். இதில் இரண்டே பேர், ராமானுஜனும் ஹார்டியும். நடுவே இருந்த ஒரு வீடு காணாமல் போய்விடுகிறது. 1914 ஏப்ரல் 18 முதல் ஜூன் தொடக்கம்வரை, ஏறக்குறைய ஏழு வாரம், ராமானுஜன் கல்லூரியில் தங்கவில்லை. கேம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், செஸ்டர்டன் சாலையில், எரிக் ஹெரால்ட் நெவில் என்பவரின் வீட்டில் இருந்தார். இன்றைய கணக்கில் சொன்னால் அதுதான் அவருடைய கெலுவார்கா அங்காட்.

நெவிலுக்கு அப்போது 25 வயது. விருந்தாளியைவிட ஒரு வயது சின்னவர். 1913இல்தான் ஆலிஸ் என்ற பெண்ணை மணந்திருந்தார். டிரினிட்டி கல்லூரியில் ஆய்வாளர். 1914இன் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வகையீட்டு வடிவியல் பற்றி உரை நிகழ்த்த வந்தார். அவர் கிளம்பும்போதே, எப்படியாவது அந்தக் குமாஸ்தாவைப் பேசி அழைத்துவா என்று ஹார்டி சொல்லியனுப்பியிருந்தார். முதல்முறை கேட்டபோது ராமானுஜன் வர மறுத்திருந்தார். கடல் தாண்டக் கூடாது என்ற வைதிகக் கட்டுப்பாடு, அம்மா கோமளத்தம்மாளின் எதிர்ப்பு.

நெவில் சென்னையில் செய்தது சாதுரியமான காரியம் ஒன்றுமில்லை. உட்கார்ந்து அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். மூன்றாவது சந்திப்பிலோ என்னவோ, நீங்கள் வேண்டுமானால் இதை எடுத்துப்போய் நிதானமாகப் பாருங்கள் என்று ராமானுஜனே கொடுத்துவிட்டார். வேறெந்த வெள்ளைக்காரர் கையிலும் அதுவரை கொடுக்காத புத்தகம். தன் வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது என்கிற தொனியில் நெவில் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு தயங்கித் தயங்கி இங்கிலாந்துப் பேச்சை எடுத்தால், ராமானுஜன் ஏற்கெனவே தயாராக இருந்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் அம்மாவின் கனவில் வந்து மகனைத் தடுக்காதே என்று சொன்னதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கனவோ இல்லையோ, அம்மா விட்டுக்கொடுத்தார்.

மீதியிருந்தவை ஒரு மாணவனுக்கு வரும் சாதாரணக் கவலைகள்தான். பணத்துக்கு என்ன செய்வது? என் ஆங்கிலம் போதாதே? நான் சைவமாயிற்றே, அங்கே என்ன சாப்பிடுவது? மறுபடியும் பரீட்சை எழுதச் சொல்வார்களா? கும்பகோணத்திலும் சென்னையிலும் பரீட்சையில் தோற்றவர் அவர், கடைசிக் கேள்விதான் அதிகம் உறுத்தியிருக்கும். நெவில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை, துணிமணிக்கும் ஆரம்பச் செலவுக்கும் 100 பவுண்டு, கப்பல் கட்டணம் தனி. அன்றைய மதிப்பில் பவுண்டுக்கு 15 ரூபாய். அதாவது துறைமுகச் சம்பளத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேலே.

கிளம்பும் முன்பு அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பின்னால்தான் குடுமியை வெட்டினார்கள். அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். கோட்டும் காலணியும் வாங்கினார்கள், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14, ஊரில் சித்திரை பிறந்த சமயம், லண்டனில் இறங்கினார். நெவில் தன் அண்ணன் தம்பியில் ஒருவரையும் காரையும் கூட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அதே 1914இல் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் மலாயாவுக்கு நிறுத்தப்பட்டு, கங்காணி முறை உச்சத்தில் இருந்த காலம். எங்கள் கொள்ளுப்பாட்டன்மார் அப்படி வந்தவர்கள். அவர்களுடைய 'முதல் நாட்கள்' பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுத்தடுப்பு முகாமில் கழிந்தன. அதன்பின் லயத்தில் ஓர் அறை, அந்த அறையிலும் ஏற்கெனவே ஆள் இருக்கும். அவர்களை அங்காட் செய்ய, தூக்கியெடுக்க வந்தவர் கங்காணி, தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர். கடல் தாண்டினால் சாதி போகும் என்ற கவலை அவர்களுக்கு இருந்ததா என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. காரோடு ஒருவர் வந்து துறைமுகத்தில் நிற்பது அந்த வருஷத்தில் ஒரு தமிழருக்கு எவ்வளவு அபூர்வம் என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். ராமானுஜன்மேல் பொறாமைப்பட அல்ல.

மாணவர்களிலேயேகூட அது அபூர்வம்தான். லண்டனில் இந்திய மாணவன் என்றாலே அப்போது போலீசுக்குச் சந்தேகம். ஹைகேட்டில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் தொடங்கிய 'இந்தியா ஹவுஸ்' பெயரளவில் மாணவர் விடுதி. அங்கே சாவர்க்கரோடு நம் வ.வே.சு. ஐயரும் இருந்தார். பாரிஸ்டர் படிக்கப் போனவர் துப்பாக்கி சுடப் பழகினார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா என்ற மாணவர் கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்றார். ஐயர் தப்பி 1910இல் புதுச்சேரி வந்துசேர்ந்தார். அந்தக் காலகட்டத்தில்தான் இந்திய மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல அரசே ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தியது. தெற்குக் கென்சிங்டனில் 21, குரோம்வெல் சாலை என்ற வீட்டில் அது இயங்கியது. புதிதாக வருபவர்கள் சில நாள் தங்க அங்கே அறைகள் உண்டு. உதவியும் உண்டு, கண்காணிப்பும் உண்டு என்று மாணவர்கள் அதை நம்பாமலே இருந்தார்கள்.

ராமானுஜன் முதல் நான்கு நாள் அந்த வீட்டில்தான் இருந்தார். அங்கேயே பேரேட்டில் பெயர் எழுதி, ஒரு வாடகை விடுதியைக் காட்டி அனுப்பியிருக்கலாம். பெரும்பாலான மாணவர்களுக்கு அதுதான் நடந்தது. நெவில் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அந்த ஏழு வாரத்தைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆலிஸ் என்ன சமைத்தார், சைவச் சாப்பாடு செய்ய யாரிடம் கேட்டார், சாப்பாட்டு மேசையில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் வரலாற்றில் நிற்கவில்லை. ஹார்டியின் கட்டுரைகள் நிற்கின்றன, ஆலிஸின் அடுப்பு நிற்கவில்லை. நெவில் பின்னாளில் எழுதியதிலிருந்து சில துண்டுகள் கிடைக்கின்றன. விருந்தாளிக்குப் பழக்கமில்லாத காய்கறிகள் பிடிபடவில்லை. இருபத்தாறு வருஷம் அடைபடாமல் இருந்த பாதங்களைக் காலணி வதைத்தது. வெறுங்காலோடு தோட்டத்தில் திரிந்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் முதல்முறை வெள்ளைச் சப்பாத்து மாட்டிய எவருக்கும் இந்த வரி புரியும். ஆனாலும் அந்த நாட்களில் ராமானுஜன் மகிழ்ச்சியாக இருந்தார் என்கிறார் நெவில். தன் கணக்கைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் சுற்றிலும் இருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை.

இந்தச் சின்னச் சின்ன உபாதைகளை நெவில் கவனித்து, கால்நூற்றாண்டுக்குப் பிறகும் மறக்காமல் எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலணி கடிப்பது ஒரே வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். காலையில் மாட்டும்போது முகம் சுளிப்பதும், மாலையில் கழற்றியெறிவதும் வீட்டுக்குள் நடக்கிறவை. கல்லூரி முற்றத்தில் நடந்துவரும் மனிதர் எல்லாருக்கும் போலத்தான் தெரிவார்.

ஜூன் தொடக்கத்தில் ராமானுஜன் டிரினிட்டியின் வீவெல்ஸ் கோர்ட் அறைக்குக் குடிபோனார். மனக்கசப்பு எதுவும் இல்லை. ஹார்டியின் அறைக்குப் பக்கம், வகுப்புகளுக்குப் பக்கம், ஆற்றைத் தாண்டி வர வேண்டாம். எல்லாரும் செய்யும் நியாயமான காரியம். நெவில் வீடும் நடக்கிற தூரம்தான், நட்பும் தொடர்ந்தது. ஆகஸ்டு 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது.

அதற்குப் பின்னால் அறையில் தனி ஆளாகச் சமையல். கல்லூரிச் சமையலறையின் பாத்திரத்தை அவர் நம்பவில்லை, பொதுக்கூடத்தில் சாப்பிடவும் இல்லை. அறையில் கணப்புக்கு வைத்திருந்த காஸ் அடுப்பில் காய் வதக்கினார். மகலனோபிஸ் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது பத்திரிகையில் வந்த ஒரு வீட்டு எண் புதிரைப் படித்துக் காட்ட, சட்டியைக் கிளறிக்கொண்டே ராமானுஜன் அதற்கு மட்டுமல்ல, அந்த மாதிரிப் புதிர் அத்தனைக்கும் சேர்த்து ஒரு தொடர்பின்னத்தை விடையாகச் சொன்ன கதை பிரசித்தம். நாம் தொடர்பின்னத்தையே பார்க்கிறோம். நான் சட்டியைப் பார்க்கிறேன். பகல் முழுக்க வேலை, சில நேரம் முப்பது மணிநேரம் தொடர்ந்து வேலை, பிறகு அகால நேரத்தில் ஒரு சோறு. 1915 ஜனவரியில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நாக்கை முழுதாக அடக்கிவிட்டேன், வெறும் சோறும் உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் போதும், எத்தனை நாளானாலும் ஓட்டுவேன் என்று பெருமையாகச் சொல்கிறார்.

ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லும் பொய் எல்லாம் இந்த ஜாதிதான். 'சாப்டேன்மா' என்கிற பொய். எழுதியவருக்கே அது பொய்யென்று தெரிந்திருக்காது.

அந்தக் குளிர்காலத்தில்தான் கம்பளிக் கதை நடந்திருக்கும். இதில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஏப்ரல், மே மாதத்து கேம்பிரிட்ஜும் நமக்குக் குளிர்தான். நெவில் வீட்டிலும் படுக்கையை இதே முறையில்தானே மூடியிருப்பார்கள்? அப்படியானால் அங்கேயும் அவர் விரிப்பின்மேல்தான் படுத்திருந்தாரா? விருந்தாளி அறைக்குள் இரவில் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. நல்ல குடும்பமாக இருந்தாலும் தவறிப்போகிற இடம் அது. எங்கள் அம்மாவுக்கே மூன்று இரவு ஆயிற்று.

ராமானுஜனுக்கு விருந்தாளியாக இருப்பதைவிட விருந்து போடுவதில்தான் ஆசை என்று தோன்றுகிறது. அறையில் ரசம் வைத்து இந்திய மாணவர்களைக் கூப்பிடுவார். போர்க்காலத்தில் ஒருமுறை ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்ற மாணவர், தான் மணக்கவிருந்த பெண்ணோடும் இன்னொரு பெண்ணோடும் சாப்பிட வந்தார். ராமானுஜன் தானே பரிமாறினார். இரண்டாம் முறை ஊற்றினார், குடித்தார்கள். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது அந்தப் பெண்கள் போதும் என்றுவிட்டார்கள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். கீழே வாயிற்காவலரிடம் விசாரித்தால், டாக்சி பிடித்துப் போனதாகச் சொல்கிறார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. திரும்பி வந்தபின் சொன்ன காரணம்: நான் பரிமாறியதை அவர்கள் வேண்டாம் என்றது தாங்கவில்லை.

மனநிலை சரியில்லை என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் தமிழ் வீட்டில் வளர்ந்தவர் யாரும் இதைப் படித்து முழுதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். சட்டியும் அடுப்பும் மூன்று கிண்ணமுமாக ஒரு வீட்டை அங்கே அவர் கட்டிப் பார்த்திருக்கிறார். 'போதும்' என்றது அந்த வீட்டுக்குச் சொன்ன 'வேண்டாம்'. ஊரிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் மறித்துவிட்டார், இவர் எழுதியதும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. இருவரும் மற்றவர் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1917 வசந்தத்தில் படுத்தவர் பிறகு முழுதாக எழவே இல்லை. அது காசநோய் என்று அன்று நினைத்தார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1990களில் ஒரு மருத்துவர் ஆவணங்களை ஆராய்ந்து எழுதினார். எதுவாக இருந்தாலும், அரைவயிற்றுச் சாப்பாடு உதவியிருக்காது. மேட்லாக் என்ற ஊரில் ஓர் ஆரோக்கிய நிலையம். திறந்த சன்னல், குளிர்ந்த காற்று, அதுதான் அன்றைய வைத்தியம். 1918இன் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் குதித்தார். காவலர் ஒருவர் ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். அதே வருஷம் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெல்லோவும் ஆனார். நிறுவனங்கள் கொடுக்க முடிந்த எல்லாவற்றையும் கொடுத்தன என்றே சொல்ல வேண்டும்.

மேட்லாக்கில் அவரைப் பார்க்கப் போனவர்களில் ஏ.எஸ். ராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் ஒருவர். இங்கிலாந்தின் வடக்கே வேலை பார்த்தவர். 1918 ஜூனில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அங்கே சில நாள் கூடவே இருந்தார். காலையில் என்ன கொடுக்கிறார்கள், மதியம் என்ன, இவர் எதைத் தொடுகிறார், எதைத் தள்ளுகிறார், எடை எவ்வளவு என்று பார்த்து, ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். மருத்துவமனையை மட்டும் குற்றம் சொல்லவில்லை, ஊறுகாயும் காரமும் கேட்டு அடம்பிடிக்கிறார் என்று ராமானுஜனையும் கண்டித்திருக்கிறார். ராமானுஜனைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்தக் கடிதத்தை நான் அதிகம் மதிக்கிறேன். தட்டைப் பார்த்து எழுதிய கடிதம் அது.

ஹார்டியைக் குற்றவாளியாக நிறுத்துவது என் நோக்கமல்ல. அவர்தான் மருத்துவரை ஏற்பாடு செய்தார், போலீசிடம் பேசி மீட்டார், சென்னைக்கு எழுதினார். ஆனால் அவரே பின்னால் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. ராமானுஜன் எந்தப் புத்தகங்களைப் படித்தார், எப்படி அந்தத் தேற்றங்களை எட்டினார் என்று தான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்று 1936இல் ஹார்வர்டில் பேசும்போது வருந்தினார். தினமும் அரை டஜன் புதுத் தேற்றங்களோடு வந்து நிற்பவரிடம் பழைய கதையைக் கேட்பது அபத்தமாகத் தோன்றியதாம். தேற்றத்தைப் பற்றியே கேட்காதவர், தூக்கத்தைப் பற்றி எப்படிக் கேட்டிருப்பார்? ராமானுஜனும் சொல்கிற ஆள் அல்ல. கேட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிற ரகம். அப்படிப்பட்டவரை ஒரு கல்லூரி எவ்வளவு மதித்தாலும் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்குத் துணி துவைக்க எடுக்கும் சாக்கில் அறைக்குள் நுழைகிற ஓர் ஆள் வேண்டும். ஏழு வாரத்தை ஏழு மாதமாக நீட்டியிருந்தால் உயிர் நின்றிருக்கும் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. குளிர்காலம் கொஞ்சம் சுலபமாகக் கழிந்திருக்கும், அதை மட்டும் சொல்வேன்.

குடும்பத்தோடு மாணவரைத் தங்கவைக்கும் முறைக்கும் அதே போருக்கும் தொடர்பு உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. 1915இல் பிரெஞ்சு ராணுவத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப்போன அமெரிக்கத் தொண்டர்கள் 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்று ஓர் அமைப்பாக இருந்தார்கள். இரண்டாம் போரிலும் ஓட்டினார்கள். அது முடிந்ததும், காயம்பட்டவனைத் தூக்கியது போதும் என்று 1947இல் பள்ளி மாணவர்களை நாடு மாற்றி அனுப்பத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பிள்ளையை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. எங்கள் பக்கம் 1974இல் தொடங்கிய தென்கிழக்காசிய இளைஞர் கப்பல் வழியாக 'ஹோம்ஸ்டே' என்ற சொல் பலருக்கு அறிமுகம். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிய கைகளிலிருந்து வந்த ஏற்பாட்டுக்கு மலாய்க்காரர்கள் 'அங்காட்' என்ற சொல்லை வைத்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.

1919 பிப்ரவரி 27 அன்று ராமானுஜன் 'நகோயா' கப்பலில் ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் ஏப்ரல் 26இல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார், கடைசி மாதங்களில் ஜானகி கூட இருந்தார். நெவில் போரை எதிர்த்தவர். அவருடைய டிரினிட்டி பதவி நீட்டிக்கப்படவில்லை. அதே 1919இல் ரெடிங் என்ற ஊருக்குப் பேராசிரியராகப் போனார்.

ஜப்பானியப் பெண் பத்து நாளும் முடிந்து கிளம்பும்போது அம்மாவின் இட்லித் தட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அது பெருமை. அவள் போன மாதமே வயர்க்காரரைக் கூப்பிட்டு, சுவரை உடைத்து, சுவிட்சைக் கதவுப் பக்கம் மாற்றவைத்தார். எண்பது வெள்ளி ஆயிற்று. "இதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு, இனி யாரு வரப்போறா?" என்று அப்பா சத்தம் போட்டார். அப்பா சொன்னதுபோலவே அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நாங்கள்தான் ரொம்ப நாள்வரை இருட்டில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தோம்.